வடிச்சல் மீனின் சொந்த ஊர்

றுஸ்தா டீச்சரின் மீன் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளராது. அந்த ஒன்றரை அங்குலத்துக்காக அவள் ஆறு வருடங்களைக் கொடுத்திருந்தாள். கறிக்கும் உதவாத, கருவாட்டுக்கும் உதவாத பொடி மீனைப் பிடித்து, கெடாமல் இருக்கப் போமலின் மருந்து ஊற்றிய போத்தலில் போட்டு, அதற்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி, இலங்கையின் கிழக்குக் கரை ஊரான நிந்தவூர் என்ன பேசியிருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "டீச்சர், மீன் விலை எப்பிடி?" என்று சந்தியில் மறித்துக் கேட்டவர்களும் உண்டு. அவளும் வாயில்லாதவள் அல்ல. "உங்களுக்கெண்டா சும்மா தாறன். போமலின்ல ஊறின மீன், நல்லாப் பொரிச்சிச் சாப்பிடுங்க" என்பாள்.

பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பது அவளுடைய தொழில். சனி ஞாயிறுகளில் மேற்படிப்பு. கணவன் றிபாத் கல்முனையில் கடை வைத்திருந்தான். ஏழு வயதில் அம்ஹா என்று ஒரு மகள். வாப்பா கலந்தரும் உம்மா அஸீஸாவும் அவளோடுதான் இருந்தார்கள். மகளுக்கென்று வாப்பா லொறி ஓட்டிக் கட்டிக் கொடுத்த வீடு அது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது அங்கே வழக்கம்; அதில் யார் யாரோடு இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தில் யாரும் விசாரிப்பதில்லை.

மீன் அகப்பட்டது ஊருக்கு மேற்கே, காரைதீவு எல்லையோடு கிடக்கும் வட்டை என்ற வயல்வெளியில். வயல் தண்ணீர் வடிந்து போகும் வடிச்சல் ஒன்று அங்கே நல்லரெத்தினம் என்ற விவசாயியின் வரம்போரம் ஓடுகிறது. நுளம்பு வலைத் துணியை இரண்டு கம்பில் கட்டி றுஸ்தா இழுத்தபோது, வழக்கமான குஞ்சு குருமன்களுக்கு நடுவில் நாலைந்து மீன்கள் செப்புத் தகடு நறுக்கிப் போட்டது மாதிரிக் கிடந்து துடித்தன. அவள் அதுவரை கண்டிராத மீன்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். வாயோரத்தில் மீசை இல்லை. உடம்பின் பக்கத்தில் தலையிலிருந்து வால் வரை ஓட வேண்டிய கோடு ஏழாவது செதிலோடு நின்றுவிட்டது. முதுகுத் துடுப்புச் செட்டையின் கதிர்களை எண்ணினாள். வாலடியைச் சுற்றிச் செதில் எண்ணினாள். ஒரு மீனில் நம்பிக்கை வராமல் பன்னிரண்டு மீனில் எண்ணினாள். எந்த வழியால் போனாலும் ஒரே இனத்தில்தான் போய் முடிந்தது.

அந்த இனத்துக்கு நிந்தவூரில் வேலையே இல்லை. மழை ஓயாத தென்மேற்கில், களுத்துறை, இரத்தினபுரிப் பக்கத்து ஓடைகளில் வாழும் மீன் அது என்றுதான் நூல்களில் இருந்தது. நடுவில் மலைநாடு முழுவதும் குறுக்கே கிடக்கிறது. மீன் மலை ஏறி இறங்கி வந்திருக்காது. ஒன்றில், யாரோ கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு காலத்தில் இரண்டு பக்கத்திலும் இருந்து, மற்ற இடமெல்லாம் அழிந்து, இந்த ஒரு வடிச்சலில் மட்டும் தப்பிக் கிடக்க வேண்டும். இரண்டாவதுதான் உண்மையென்றால் நூல்களில் உள்ள படத்தைத் திருத்தி வரைய வேண்டும்.

அந்தப் படங்களுக்கு ஒரு முறை உண்டு. மீன் தன்பாட்டில் வாழும் இடத்துக்குக் கறுப்புப் புள்ளி. மனிதன் கொண்டுபோய் விட்ட இடத்துக்கு வெறும் வட்டம். றுஸ்தாவுக்கு நிந்தவூரில் ஒரு கறுப்புப் புள்ளி வேண்டியிருந்தது. அந்தப் புள்ளிதான் அவளுடைய ஆய்வில் நான்காம் அத்தியாயம்; அது நின்றால்தான் பட்டம். அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியை தொலைபேசியில் விஷயத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "கவனம், றுஸ்தா. யாரும் கொண்டுவந்து விடவில்லை என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள்" என்றார். அந்தக் குரலில் கவனத்தைவிடச் சந்தோஷம்தான் கூடுதலாக இருந்தது.

றுஸ்தா ஊர் ஊராக அலைந்து விசாரித்தாள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அலங்கார மீன் விற்கும் கடைகளில் கேட்டாள். அப்படியொரு மீன் தங்களிடம் வந்ததே இல்லை என்றார்கள். நுளம்புக் கடியைத் தடுக்க, கிணறுகளில் நுளம்புக் குஞ்சு தின்னும் மீன் விடுகிறவர்களைக் கேட்டாள். அவர்கள் விட்டது வேறு மீன். கடைசியாக நல்லரெத்தினத்தைக் கேட்டாள். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரம்பில் நின்றார்.

"ஐயா, இந்த மீன் எப்ப தொடக்கம் இஞ்ச இரிக்கி?"

"இதென்ன கேள்வி, டீச்சர்? தண்ணி இருந்தா மீன் இருக்கும்தானே."

"உங்கட சின்ன வயசுல கண்டிரிக்கிங்களா?"

"பொடி மீன் எண்டாப் பொடி மீன்தான். விரால், பனையான் எண்டாச் சொல்லுவன். இதுகளுக்குப் பேர் வெச்சிப் பார்க்க நமக்கெங்க நேரம்?"

"அப்ப கனகாலமா இரிக்கி எண்டு எழுதட்டா?"

"எழுதுங்க. மீன் என்ன, வேணாமெண்டா சொல்லப்போகுது?"

அவள் எழுதினாள். ஆசை எழுதச் சொன்னதை எழுதினாள் என்பதுதான் சரி.

வடிச்சலின் மேல்பக்கத்தையும் அவள் விட்டுவைக்கவில்லை. காலில் சேறு பூச ஏறிப் போனாள். போகப் போக மீன் கூடிக்கொண்டே வந்தது. ஊர் தொடங்கும் இடத்தில் வடிச்சல் ஒடுங்கிச் சீமெந்து வடிகானாகி, பள்ளிவாசலின் பின்மதிலுக்கு அடியால் நுழைந்து மறைந்தது. மதிலுக்கு உள்ளே ஆண்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ எடுக்கும் பக்கம். பெண்கள் அங்கே போவதில்லை. போக வேண்டுமென்று நினைப்பதுமில்லை. "மேற்பகுதி அணுக இயலாதது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு றுஸ்தா திரும்பி வந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பதினைந்து கிலோமீற்றர் சுற்றுவட்டத்தில் குளம், கிணறு, மடு, மதகு என்று ஒன்று விடாமல் வலை போட்டவளுக்கு, தன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கமும் தண்ணீர் இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை.

வீட்டில் இருந்தவர்களும் அவளுக்கு உதவவில்லை. அவர்கள் அந்த மீனை அதன் நிறத்தில் கண்டதே கிடையாது. போமலினில் போட்ட மீன் சில நாட்களில் வெளுத்துப் பழஞ்சோற்றின் நிறத்துக்கு வந்துவிடும். அப்படியொரு போத்தலை ஒருமுறை வாப்பாவிடம் காட்டினாள். கலந்தர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாவம்" என்று மட்டும் சொன்னார்.

ஆய்வு முடிவைப் பல்கலைக்கழகத்தில் எடுத்துச் சொல்ல வேண்டிய நாள் வியாழக்கிழமை. செவ்வாய் பின்னேரம் கல்முனையிலிருந்து அச்சடித்த பெரிய படம் வந்து சேர்ந்தது. நடுவில், உயிரோடு பிடித்து எடுத்த மீனின் நிழற்படம் முழங்கை நீளத்துக்கு இருந்தது: செப்பு உடம்பு, வாலடியில் கறுப்புப் பொட்டு, செட்டை விளிம்பில் ஒரு சிவப்பு. மேல் மூலையில் இலங்கைப் படம். அதன் கிழக்குக் கரையில், மற்றவற்றிலிருந்து விலகி, தன்னந்தனியாக ஒரு கறுப்புப் புள்ளி. றுஸ்தா அதை வீட்டு நடுவில் நிலத்தில் விரித்து, நாலு மூலைக்கும் குசினியிலிருந்து சட்டி மூடிகளைக் கொண்டுவந்து பாரம் வைத்தாள்.

"வடிவாத்தான் இரிக்கி," என்றார் அஸீஸா. "மூடிய மட்டும் திருப்பித் தந்திரு."

அந்த நேரம்தான் கலந்தர் பின்னேரத் தொழுகையான அஸர் தொழுதுவிட்டு வந்தார். எழுபத்திரண்டு வயது. லொறி ஓட்டுவதை விட்ட பிறகு ஐந்து வேளையும் பள்ளிவாசல்தான். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனவர் படத்தைக் கண்டு நின்றார். குனிந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, இது நம்மட ஹவுள் மீன்தானே!"

"எந்த மீன் வாப்பா?"

"ஹவுள்ள நிக்கிற மீன். வுழூ எடுக்கக் கையை வெச்சா வந்து கொத்தும். இதையா நீ இவ்வளவு நாளும் வடிச்சல்ல தேடிக்கிட்டுத் திரிஞ்ச? என்னட்டக் கேட்டிருந்தா ஒரு வாளி அள்ளித் தந்திருப்பனே!"

ஹவுள் என்பது பள்ளிவாசலில் தொழ வருகிறவர்கள் வுழூ எடுக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டி. முப்பத்தைந்து வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் றுஸ்தா. அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"அந்த மீன் எங்கயிருந்து வந்த, வாப்பா?"

கலந்தரின் சிரிப்பு சட்டென்று நின்றது. "நாளைக்குக் கூட்டிப் போய்க் காட்டுறன்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளிவாசலில் தொழுகை இல்லாத நேரம். பாங்கு சொல்லும் மோதினார் முனாஸ் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். "கலந்தர் காக்கா சொன்னாப் பிறகு மறுப்பா? டீச்சர், வழுக்கும், பார்த்து வாங்க" என்றார். ஹவுள் அவள் நினைத்ததைவிடப் பெரிது. நிழலான இடம், தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. றுஸ்தா குந்தியிருந்து விரலை வைத்தாள். வைத்தவுடன் வந்தன. செப்பு உடம்பும் வாலடியில் கறுப்புப் பொட்டுமாக, ஐம்பதுக்குக் குறையாத மீன்கள் அவள் விரலைக் கொத்தின. ஆறு வருடமாக முழங்கால் சேற்றில் நின்று ஒன்றும் இரண்டுமாகப் பிடித்த மீன்.

"ஹவுள் கழுவுற நேரம் இதுகள என்ன செய்வீங்க?" என்று முனாசிடம் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

"ஒவ்வொரு வருசமும் நோன்புக்கு முதல் தண்ணிய வடிச்சிவிட்டுத்தான் கழுவுற. மீன வாளியில அள்ளி வெச்சி மறுகா விடுவம். குஞ்சுகள் கொஞ்சம் தண்ணியோட போகும்தான். தண்ணி அந்தா, அந்தக் கானால வட்டைக்குப் போகுது."

அணுக இயலாத மேற்பகுதி அவளுடைய காலடியில் கிடந்தது. முனாஸ் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அப்பால் போனார். கலந்தர் ஹவுளின் விளிம்பில் உட்கார்ந்து, மகளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான்தான் கொண்டுவந்த, மகள். உனக்கு அஞ்சு வயசு. நோன்பு மாசம். சண்டை நிண்டு, றோட்டெல்லாம் திறந்திருந்த நாள். பாணந்துறைக்கு நெல் லோட் ஒண்டு கொண்டுபோய் இறக்கிட்டு, ஊருக்குப் போன் எடுத்தா, புள்ளைக்கு மூளைக் காய்ச்சலாம், கல்முனை ஆஸ்பத்திரியில கண் முழிக்காமக் கிடக்காளாம் எண்டு சொல்றாங்க. எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. லொறியத் திருப்பினன். இங்கிரிய கழிச்சி ஒரு மதகுல அஸருக்கு நிப்பாட்டினன். ஓடையில காலை வெச்சா, இதுகள் வந்து கொத்துதுகள். தொழுதிட்டு அந்த மதகுலயே இருந்து அழுதன்."

அவர் தண்ணீரில் விரலை வைத்து எடுத்தார்.

"மறுகா ஒரு மடத்தனம் செஞ்சன். நோன்பு துறக்க வெச்சிருந்த தண்ணிய ஊத்திட்டு, ஓடைத் தண்ணிய நிரப்பி, தொப்பியால பதினொரு மீன் அள்ளி அந்தக் கேனுக்குள்ள போட்டன். இதுகள் உசிரோட ஊர் போய்ச் சேர்ந்தா என்ட புள்ளையும் தப்பும் எண்டு மனசுல வெச்சிக்கிட்டன். அல்லாஹ்வோட இப்பிடியெல்லாம் பேரம் பேசலாமா? மார்க்கம் படிச்ச ஆலிம்சாமார் கேட்டா என்ன சொல்லுவாங்க? அதால ஆருக்கும் சொல்லல்ல. உன்ட உம்மாக்கும் சொல்லல்ல."

"எத்தினை வந்து சேர்ந்த?" என்று கேட்டாள் றுஸ்தா. அப்போதும் கேள்வி விஞ்ஞான டீச்சரின் கேள்விதான்.

"ஏழு. நீ வீட்டுக்கு வாற வரைக்கும் வாளியில வெச்சிருந்தன். நீ வந்த அண்டைக்கு ஹவுள்ள விட்டன்."

இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். வாசலில் கலந்தர் அவளை நிறுத்தினார். அவர் படிக்காதவராக இருக்கலாம், விளங்காதவர் அல்ல. மீன் தானாக வந்ததென்று மகள் எழுதியிருக்கிறாள் என்பதும், இப்போது அது கவிழப்போகிறது என்பதும் அவருக்கு ராத்திரியே விளங்கியிருந்தது.

"நான் வாய் திறக்க மாட்டன், மகள். முப்பது வருசமாச் சொல்லாம இருந்தவனுக்கு இது பெரிய வேலையா? நீ எழுதினத எழுதினபடி வெச்சிக்க."

றுஸ்தா உள்ளே போனாள். அன்று பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, விரித்த படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆசை வந்தது என்பதை மறைப்பானேன்? கலியாணம், பிள்ளைப்பேறு, நாடு முடங்கிக் கிடந்த காலம் எல்லாவற்றுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு வந்த படிப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? வாப்பா மீது கோபமும் வந்தது. வேறு மீன் கிடைக்கவில்லையா இந்த மனிதருக்கு என்று நினைத்தாள். நினைத்தவுடன், தொப்பியால் மீன் அள்ளும் வாப்பா கண்ணுக்குள் வந்து நின்றார்.

தெரியாமல் எழுதியது வேறு. இனி அந்தப் புள்ளியைக் கறுப்பாகவே விட வேண்டுமென்றால், பாணந்துறையிலிருந்து வந்த லொறியை அவள் அழிக்க வேண்டும். நோன்பு துறக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றியதை அழிக்க வேண்டும். ஒரு மனிதன் மதகில் இருந்து தனக்காக அழுததை நடக்கவே இல்லை என்று அவள் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவு பெரிய விலைக்கு அவளுக்குப் பட்டம் வேண்டியிருக்கவில்லை. தொலைபேசியை எடுத்துப் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான்காம் அத்தியாயம் இப்படியே நிற்காது, றுஸ்தா. நாளைக்கு வர வேண்டாம். மாற்றி எழுத ஆறு மாதமாவது போகும்" என்றார். பிறகு, "ஒரு படிவம் அனுப்புகிறேன். வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களுக்கு நிரப்புவது. என்னிடம் அப்படி நூற்றுக்கு மேல் இருக்கிறது. கொண்டுவந்தவர் யார் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் 'தெரியாது' என்றுதான் இருக்கிறது" என்றார்.

வியாழக்கிழமை பல்கலைக்கழகத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் றுஸ்தா வீட்டு மேசையில் அந்தப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே கலந்தர், பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கிறவர் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"கொண்டுவந்தவர் பேர்?"

"என்ட பேர் உனக்குத் தெரியாதா?"

"கேக்கணும் வாப்பா, இது முறை. பிடிச்ச இடம்?"

"இங்கிரிய கழிச்சி இரத்தினபுரிப் பக்கம் மூணாவது மதகு. வலக்கைப் பக்கம் றப்பர்த் தோட்டம்." லொறிக்காரர் மதகை மறப்பதில்லை.

"பிடிச்சது பதினொண்டு, விட்டது ஏழு. விட்ட திகதி?"

அதுதான் அவருக்குத் தெரியவில்லை. "நீ ஆஸ்பத்திரியிலயிருந்து வந்த அண்டைக்கு" என்று மட்டும் மறுபடி சொன்னார். குசினிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த அஸீஸா அறைக்குள் போய், அலுமாரியைத் திறந்து, பழைய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதற்குள் மங்கிப்போன ஆஸ்பத்திரி அட்டை ஒன்று இருந்தது. பெயர் றுஸ்தா, வயது ஐந்து, வீடு திரும்பிய திகதி 1995 பெப்ரவரி 17.

"அப்ப அதுக்குத்தானா அந்த வாளி?" என்றார் அஸீஸா கணவரைப் பார்த்து. "ஒரு கிழமையா எனக்கு வாளியத் தரல்ல இந்த மனிசன். கேட்டா, மீன் இரிக்கி எண்டார். புள்ள ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள இவருக்கு மீனொரு கேடா எண்டு நான் ஏசின ஏச்சு!" சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

றுஸ்தா திகதியை எழுதினாள். தன் நோய் அட்டையே தன் அத்தியாயத்தை முடித்து வைப்பதை நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த கேள்விக்கு வந்தாள்.

"கொண்டுவந்து விட்ட நோக்கம்?"

கலந்தர் தலையைக் குனிந்தார். "நுளம்புக்கு எண்டு போடு."

அவள் பேனையை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஆரு வாசிப்பாங்க?" என்று கேட்டார்.

"உலகத்துல ஒரு பத்துப் பேர் வாசிச்சாப் பெரிய விசயம், வாப்பா."

"ஆலிம்சாமார் வாசிப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப உள்ளதப் போடு."

அந்தக் கட்டம் நுளம்பு என்று எழுதத்தான் போதும். மகள் பிழைக்க வேண்டும் என்பதற்காக என்று எழுதுவதற்கு அவளுக்கு ஓரத்தையும் பிடிக்க வேண்டி வந்தது. எழுதி முடித்துவிட்டு, சுருட்டி வைத்திருந்த பெரிய படத்தை விரித்து, எழுத்துப் பிழைக்குப் பூசும் வெள்ளையை எடுத்து, கிழக்குக் கரையில் இருந்த கறுப்புப் புள்ளியின் நடுவில் ஒரு துளி வைத்தாள். விளிம்பு மட்டும் மிஞ்சியது.

கலந்தர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "இது என்னது?"

"இதுதான் உங்கட வட்டம், வாப்பா. ஆள் கொண்டுவந்து விட்டதுக்கு இப்பிடித்தான் போடுற."

"இதோட உனக்குப் பட்டம் கிடைக்குமா?"

"கிடைக்கும். ஆனாச் சுணங்கும், ஆறு மாசமாவது போகும்."

அவர் வட்டத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஆணியில் கிடந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"சுணங்கினாப் பரவாயில்ல, மகள்," என்றார். "அண்டைக்கு நானும் மீனோட சுணங்கித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தன். நீ கண்ணை முழிச்சித் தேத்தண்ணி கேட்டுக்கிட்டு இருந்தாய்."